கொடுத்தேன் என்று சொன்ன டோக்கன்

தங்கச் சுரங்க ஊரான நம் சாம்பியன் ரீப்ஸில் என்னோடு ஏழாம் வகுப்பு படித்தவர்களில், மூட்டுவலியும் சர்க்கரையுமாக இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் வாட்சப் குழுவில் தினமும் வருகிற குட்மார்னிங் பூப்படம் மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிற சமாச்சாரம் இல்லை. நீளமாக இருக்கும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

நம்மில் ஒருத்தியின் அப்பாவைப் பற்றி ஒரு பொய் ஐம்பது வருஷமாக நடமாடுகிறது. அதைச் சொன்னவள் நான். அவள் இன்றைக்கும் அதை உண்மை என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளும் இந்தக் குழுவில் இருக்கிறாள், இதைப் படிப்பாள். பேரைப் போட எனக்குக் கை வரவில்லை. எதிர்வீட்டுக்காரி என்றே எழுதுகிறேன், உங்களுக்குத் தெரியும்.

ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். பங்காருப்பேட்டையிலிருந்து காலை ரயிலில் வருவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, முந்தானையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் தூசிப் பட்டை. சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த நம் லைன் வீடுகளில் யாரும் பேசாத இங்கிலீஷை நம் வாயில் திணித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தவர். ஒரு நாள் போர்டில் 'கெட் பேக் அட்' என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

"வெறும் கெட் பேக்னு நின்னா திரும்பி வர்றது. ஷிப்ட் முடிஞ்சு உங்கப்பா வீட்டுக்குத் திரும்பி வர்ற மாதிரி. பின்னாடி ஒரு அட் போட்டு, அதுக்குப் பின்னாடி ஒரு ஆளைப் போட்டா வேற அர்த்தம். அந்த ஆள் நமக்கு ஒண்ணு செஞ்சாரு, நாம பதிலுக்கு அவருக்கு ஒண்ணு செய்யறோம்."

"பழிக்குப் பழியா டீச்சர்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான். அவன் இப்போது ஒயிட்பீல்டில் மகன் வீட்டில் இருக்கிறான், அவனுக்கும் ஞாபகம் இருக்கலாம்.

"அவ்ளோ பெருசு இல்லடா. கத்தி, ரத்தம் எல்லாம் இதுல வராது. வீட்டுக்குள்ள, கிளாசுக்குள்ள நடக்கறது. செருப்பை ஒளிச்சு வைக்கிறது, ரெண்டு நாள் பேசாம இருக்கறது, அந்த மாதிரி. சின்ன விஷயம்."

ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். அண்ணன் என் முட்டையைத் தின்றான், அவன் மேல் கெட் பேக் செய்வேன் என்று ஒருத்தன். எதிர்வீட்டுக்காரி எழுந்து, யாரும் எனக்கு எதுவும் செய்யவில்லை டீச்சர், நான் என்ன சொல்வது என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் அப்படித்தான் இருந்தாள்.

அந்த வாரமே எனக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. அப்பாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. தோல் உறை போட்டு, ஆணியில் மாட்டி, அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. தம்பி ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தான், கீழே போட்டான், பக்கவாட்டில் ஓடு பிளந்துவிட்டது. பழையபடி மாட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டான். நான் குழாயடியில் வரிசையில் நின்றிருந்தேன். பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும் என்பதால் லைனில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வீட்டுக்குள் போய், வந்த வேகத்தில் வெளியே வந்து, வரிசைக்கு வந்து, என் கன்னத்தில் இரண்டு அறை விட்டார். ஏன் என்று கூடச் சொல்லவில்லை. குடம் கீழே விழுந்து சொட்டையானது.

"பொட்டப்புள்ளைக்கு ரேடியோ கேக்குதா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வலி அரைமணி நேரத்தில் போய்விட்டது. அத்தனை பேர் பார்த்தார்களே, அது போகவில்லை. அவரையும் ஒரு நாள் நாலு பேர் முன்னால் யாராவது திட்ட வேண்டும், அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன். ஒரு வாரம் அதே நினைப்பு.

டோக்கன் என்றால் நம் பிள்ளைகளுக்கே இப்போது விளங்காது. கேஜில், அதுதான் அந்தக் கூண்டு லிப்டில், ஏறிச் சுரங்கத்துக்குக் கீழே இறங்குகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளைப் பில்லை, அதில் அவன் நம்பர். மேலே வந்ததும் ஷாப்ட் என்கிற சுரங்க வாய்க்குப் பக்கத்து ஜன்னலில் கொடுத்துவிட வேண்டும். உள்ளே பலகையில் நம்பர் போட்ட ஆணிகள் இருக்கும். ஷிப்ட் முடிந்து ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் பூமிக்கு உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு இது தெரியாமல் இல்லை. நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டோக்கனைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிற ஆட்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்கு ஆள் வந்து கூட்டிக்கொண்டு போவான், ஜன்னல் முன்னால் அத்தனை பேர் மத்தியில் திட்டு விழும். அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தத் திட்டு மட்டும்தான்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் எதிர்வீட்டு மாமா, அதாவது எதிர்வீட்டுக்காரியின் அப்பா. பதினைந்து வருஷம் கீழே வேலை செய்து மார்பெல்லாம் தூசி. இனி மேலேயே வேலை கொடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் அந்த ஜன்னல் கிடைத்தது. அவருக்கு அது ஜன்னல் இல்லை, மூச்சு. அந்த வீட்டு அத்தை அப்படித்தான் சொல்வாள்.

சனிக்கிழமை. பேத்தமங்களாவில் என் தாய்மாமன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அம்மாவும் தம்பியும் முதல் நாளே போய்விட்டார்கள். அப்பாவும் நானும் மத்தியான பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. அந்த பஸ்ஸைப் பிடிக்க அப்பா ஒரு வேலை செய்தார். ஷிப்ட் முடிய அரைமணி இருக்கும்போதே, யாரிடமும் சொல்லாமல், மேலே போகிற கேஜில் புகுந்து வந்துவிட்டார். ஜன்னல் பக்கம் போனால் நேரத்துக்கு முன்பே வந்தது தெரிந்துவிடும். அதனால் டோக்கனோடு பின்சந்து வழியாக வீட்டுக்கு வந்தார். இப்படிப் பலரும் செய்வார்கள். சங்கு ஊதிய பிறகு பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள், கூட்டத்தோடு கூட்டமாக ஜன்னலில் போய்விடும், எதிர்வீட்டு மாமாவும் கண்டுகொள்ள மாட்டார்.

"சங்கு ஊதினதும் ஓடிப் போயி மாமாகிட்ட குட்துட்டு வா. அப்டியே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு, நான் அங்க கீறேன்" என்றார்.

டோக்கன் அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. சங்கு ஊதியது. நான் ஷாப்ட் பக்கம் போகவில்லை. சயனைட் மேட்டுப் பக்கம் போனேன். தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண், மழையில் கீறிக்கீறிப் பள்ளம் பள்ளமாக இருக்கும், நாமெல்லாம் சறுக்கி விளையாடி அடி வாங்குவோமே, அங்கேதான். முழங்கை வரைக்கும் கையை விட்டுக் குழி தோண்டி உள்ளே வைத்து மூடினேன். திங்கட்கிழமை ஜன்னலில் அப்பாவுக்கு விழப்போகிற திட்டை யோசித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருக்கிறதே, தேடி வருகிற ஆள் என்ன நினைப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

பஸ்ஸில் அப்பா எனக்கு ஜன்னலோர சீட் கொடுத்தார். வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். ஊரைத் தாண்டி, கேழ்வரகுக் கொல்லைகள் வந்த பிறகு, முன்னால் இருந்த ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரேடியோவ போட்டது அந்தப் பையன்தானாம். உங்கம்மா சொல்லிச்சு."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று அவரிடம் இருந்த சாமானிலேயே பெரியது அதுதான். நான் கடலையைத் தின்றேன். இறங்கி ஓடிப் போய்த் தோண்டி எடுக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஏரிக்கரை வந்துவிட்டது, மாமன் வீட்டில் பாட்டு கேட்டது, அந்த நினைப்பு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கினோம். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அப்பாவைப் பார்த்து சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

"யோவ், உயிரோட கீறியா நீ!"

ஆணி காலி. வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள், பூட்டு தொங்கியிருக்கிறது. நாங்கள் பேத்தமங்களா போவதாக இருந்தது லைனில் தெரியும், ஆனால் அம்மா முதல் நாளே போனதைப் பார்த்தவர்கள்தான் இருந்தார்கள், அப்பா வந்ததையோ போனதையோ பார்த்தவர்கள் இல்லை, ராத்திரியில் அங்கே போய்க் கேட்க பஸ்ஸும் இல்லை. கூட வேலை செய்தவர்களுக்கும் அவர் எந்தக் கேஜில் வந்தார் என்று தெரியவில்லை. லெவல் லெவலாக இறங்கி விடிய விடியத் தேடியிருக்கிறார்கள். அதில் எதிர்வீட்டு மாமாவும் போயிருக்கிறார். இனிமேல் கீழே இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன மார்போடு, என் ஜன்னல்ல வராத ஆளு, நான் போவாம யார் போவாங்க என்று கேட்டுவிட்டு இறங்கினாராம்.

நாங்கள் லைனுக்குள் நுழைந்தபோது அவர் முந்தின நாள் சட்டையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு முதுகில் ஓங்கி ஒரு குத்து.

"எங்கடா போய்த் தொலைஞ்சே பாவி? உன் பொண்டாட்டிக்கு இன்னா பதில் சொல்றதுன்னு ராத்திரி பூரா..." என்று சொல்லி முடிக்காமல் அழுதார். பெண்களும் அழுதார்கள். அம்மா தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கை மட்டும் மரத்துப்போன மாதிரி இருந்தது. இன்றைக்கு யோசித்தால், அந்த மரப்பு அதன் பிறகு சரியாகப் போகவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஆபீசில் விசாரணை. மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய சார். அப்பா, எதிர்வீட்டு மாமா, நான். நான் பள்ளிக்கூட யூனிபார்மில் இருந்தேன்.

அப்பா முதலில் பொய் சொன்னார். ஷிப்ட் முடிந்துதான் மேலே வந்தேன், ஜன்னலில் கூட்டம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அங்கே வந்திருந்த என் பெண்ணிடம் கொடுத்தேன், அவள் ஜன்னலில் கொடுத்தாள் என்றார். அரைமணி முன்னால் திருட்டுத்தனமாக வந்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். நான் ஒரு வாரம் ஆசைப்பட்டது மாதிரியே, நாலு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சார் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, நீ டோக்கன் குடுத்தியா?"

"குட்தேன் சார்."

"யார்கிட்ட?"

நான் எதிர்வீட்டு மாமாவைக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று பின்னால் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவும் எவ்வளவு நிஜமோ தெரியாது. அவர் சும்மா பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னக் குழந்தை பொய் சொல்லாதுப்பா" என்றார் சார்.

"ஆமா சார்" என்றார் எதிர்வீட்டு மாமா. "குழந்த குட்துச்சு. நான்தான் வாங்கி எங்கயோ வச்சுட்டு மறந்துட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அப்பா வேலையைக் காப்பாற்றவா, யூனிபார்மோடு நின்ற என்னைப் பார்த்தா, இல்லை வாதாடத் தெம்பில்லாமலா? அவர்கள் வீட்டில் புத்தர் படம் மாட்டியிருந்தது, அதனால்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதே படத்துக்குக் கீழே அவர் சாப்பாட்டுத் தட்டை வீசியதையும் நான் பார்த்திருக்கிறேன். கோபம் வராத மனுஷர் இல்லை அவர். அன்றைக்கு மட்டும் அப்படிச் சொன்னார்.

ஒரு ஷிப்ட் ஆட்களை விடிய விடியப் பூமிக்குள் அலைய விட்டவருக்கு ஜன்னலில் இடமில்லை என்று முடிவாயிற்று. வேலையைவிட்டு நீக்காமல் விட்டதே பெரிது என்றார்கள். அடுத்த வாரத்திலிருந்து எதிர்வீட்டு மாமா பழையபடி கேஜில் இறங்கினார்.

நான் சயனைட் மேட்டுக்குப் போனேன். அதற்குள் மழை பெய்து பள்ளமெல்லாம் வேறு பள்ளமாகியிருந்தது. நகக்கண்ணில் ரத்தம் வரும் வரைக்கும் தோண்டினேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனா? சத்தியம் பண்ண மாட்டேன்.

டீச்சர் ஐந்து வாக்கியம் வீட்டுப்பாடம் கொடுத்தார். நாலாவது வாக்கியமாக, அப்பா மேல் நான் டோக்கனை வைத்து கெட் பேக் செய்தேன் என்று இங்கிலீஷில் எழுதினேன். வேண்டுமென்றேதான் எழுதினேன். யாராவது பிடித்துவிட்டால் தேவலை என்று இருந்தது. டீச்சர் எல்லா வாக்கியத்துக்கும் ஒரே சிவப்பு டிக் போட்டு, கீழே குட் என்று எழுதிக் கொடுத்தார். அப்போது அவரை வெறுத்தேன். நாற்பது நோட்டு திருத்தி முடித்து அவர் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. அட்டுக்குப் பின்னால் ஒரு ஆளைப் போட வேண்டும் என்று அவர் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தார். நான் அப்பாவைப் போட்டேன். விழுந்தது எதிர்வீட்டில்.

எதிர்வீட்டு மாமா எனக்குப் பதில் செய்வார் என்று காத்திருந்தேன். குழாயடியில், வழியில், அவர் வீட்டு வாசலில், எப்போது பார்த்தாலும் இன்றைக்கு அறைவார், இன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்பார் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நடப்பேன். ஒரு நாள் ஷிப்டுக்குப் போகும்போது நின்றார். மூச்சு வாங்கியது.

"பரீட்சைக்குப் படிக்கிறியாம்மா?"

"படிக்கிறேன் மாமா."

"படி" என்றார். போய்விட்டார். அதற்கு மேல் என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை.

இரண்டு வருஷம் தாங்கினார். கடைசியில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார், அந்த இருமல் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். எதிர்வீட்டுக்காரி எட்டாம் வகுப்பிலேயே நின்று ஊதுபத்தி உருட்டப் போனாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் எல்லாம் கேட்டீர்கள். வீட்டுக் கஷ்டம் என்று பதில் சொன்னவளும் நான்தான். அவர் பாடையை அப்பாவும் தூக்கினார். மயானத்திலிருந்து வந்து கால் கழுவும்போது, நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"நீ குட்தே இல்ல?"

"குட்தேன்பா" என்றேன். அப்பா சாகும் வரைக்கும் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று அவரும் பயந்திருப்பார் போல.

போன மாதம் நாம் எல்லோரும் கூடினோமே, நம்மில் ஒருத்தியின் பேரனுக்குப் பேர் வைத்த வீட்டில், அன்றைக்குத்தான் இது எனக்குத் தாங்காமல் போனது. எதிர்வீட்டுக்காரி மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினாள். தலைமேலேயே இருந்தது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சொன்னாள்.

"எங்கப்பா புத்தி அப்டியே எனக்கு. கைல வாங்குன டோக்கன எங்கயோ வச்சிட்டு மறந்தாரே, அவரு பொண்ணு வேற எப்டி இருப்பேன்? அந்த மறதிதான அவர கீழ அனுப்பிச்சு, கொன்னுச்சு. எங்கம்மா சாவற வரைக்கும் போட்டோவ பார்த்துத் திட்டும். உன் மறதியால எம்பொண்ணு படிப்பு போச்சேன்னு."

யாரோ அவள் தோளைத் தட்டினீர்கள். யாரோ அந்தக் காலத்து ஆபீஸ்காரர்களைத் திட்டினீர்கள். நான் வடைத் தட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். ஒன்று எடுத்துக்கொண்டாள். பாதி பிய்த்து எனக்குக் கொடுத்தாள், நானும் தின்றேன்.

எதிர்வீட்டுக்காரியே, இனி இது உனக்கு மட்டும். மன்னிப்பு கேட்கிற வயசும் தைரியமும் என்னிடம் இல்லை. நாளைக்கு நீ என் வாசலுக்கு வந்து, தெருவே பார்க்க, என்னை என்ன செய்தாலும் செய். கதவைத் திறந்துதான் வைத்திருப்பேன். வராமல் இருந்துவிட்டாலும் அது உன் இஷ்டம். ஆனால் உன் பேரப்பிள்ளைகளிடம் இனிமேல் அந்தக் கதையைச் சொல்லாதே. அத்தை திட்டியதும் தப்பு, நாம் சிரித்ததும் தப்பு. உன் அப்பா மறதிக்காரர் இல்லை. அந்தச் சனிக்கிழமை நான் ஜன்னலுக்கு வரவே இல்லை என்பது, குழந்த குட்துச்சு என்று சொன்ன நேரத்தில், அவருக்கு நன்றாக நினைவிருந்தது.